பெருவிரல் தேடட்டும், முன்கை அழுத்தட்டும்

வாசகர் கேள்வி: எனக்கு வயது 41. சுன்னாகத்துக்கு அண்மையிலுள்ள ஒரு மசாஜ் நிலையத்தில் வேலை செய்கிறேன். பிள்ளை பெற்ற தாய்மாருக்கு எண்ணெய் பூசிப் பிடித்துவிடும் என் மாமியிடம் தொழிலைப் பழகி 14 வருடங்களாகின்றன. ஒரு வருடமாக வலக்கைப் பெருவிரலின் அடிப்பகுதி உளைகிறது. தை மாதத்தில் இரண்டு நாள் பயிற்சி ஒன்றுக்குச் சென்று, முன்கையாலும் உடம்பின் பாரத்தாலும் வேலை செய்யும் முறையைப் படித்தேன். அங்கே நன்றாகவே செய்தேன். ஆனால் நிலையத்தில் ஆள் வந்து படுத்தால் இரண்டு நிமிடங்கூட ஆகாது, பெருவிரல் தானாக வந்துவிடுகிறது. மூளையை 21 நாளில் மாற்றலாம் என்று யூரியூப்பில் சொல்கிறார்கள். பயிற்சி முடிந்ததும் ஒருமுறை, நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒருமுறை என்று இரண்டு தடவை முயன்று தோற்றுவிட்டேன். இந்த வயதில் என் மூளை இனி மாறுமா? வாடிக்கையாளரின் சம்மதத்துடன், அவருடைய முகம் தெரியாமல் மகள் எடுத்த ஒளிப்பதிவையும் அனுப்புகிறேன்.

இயன் மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன்; மகள் எடுத்த நான்கு நிமிட ஒளிப்பதிவை ஏழெட்டு முறை பார்த்தேன். உங்களுக்குச் சொல்ல வேண்டிய பெரும்பகுதி அந்த ஒளிப்பதிவிலேயே இருக்கிறது. தொடக்கத்தில் முன்கையை முதுகில் வைத்து, அவசரமில்லாமல், மிக அழகாக வேலை செய்கிறீர்கள். ஒரு நிமிடம் ஐம்பது விநாடி கடக்கும்போது, படுத்திருப்பவர் "அந்த இடந்தான் அக்கா, இன்னும் கொஞ்சம் அழுத்துங்கோ" என்கிறார். உடனே உங்கள் மூச்சு நின்றுவிடுகிறது. வலது தோள் காதை நோக்கி ஏறுகிறது, முன்கை விலகுகிறது, நகம் வெளிறும் அளவுக்குப் பெருவிரல் தோட்பட்டை எலும்பின் ஓரத்தில் இறங்குகிறது. இவ்வளவும் இரண்டு விநாடிக்குள் நடந்து முடிந்துவிடுகின்றன. பெருவிரல் தானாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது தானாக வரவில்லை, சகோதரி. அந்த ஒரு சொல் அதை அழைத்துவிடுகிறது. அழைப்பது எது என்று தெரிந்துவிட்டதால், உங்கள் வேலை நீங்கள் நினைத்ததை விடச் சிறியதாகிவிட்டது என்பதே என் அபிப்பிராயம்.

ஆனால் மூளையைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு நிபந்தனை உண்டு. பெருவிரலின் அடியில் ஏற்படும் உளைவுக்குக் காரணங்கள் பல. போத்தல் மூடியைத் திருகும்போதும் பூட்டில் திறப்பைத் திருப்பும்போதும் அடிமூட்டிலேயே நோகுமானால் மூட்டுத் தேய்வாக இருக்கலாம். பெருவிரலைப் பொத்திக்கொண்டு மணிக்கட்டைச் சின்னவிரல் பக்கம் சாய்க்கும்போது சுள்ளென்று வலித்தால் தசைநாண் உறையின் வீக்கமாக இருக்கலாம். இரவில் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் விறைத்து உங்களை எழுப்புமானால் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது என்று ஐயப்பட வேண்டும். மூன்றுக்கும் மருத்துவம் வேறு. ஆகவே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ உங்களுக்கு வசதியான வேறிடத்திலோ ஒரு மருத்துவரிடம் கையைக் காட்டிவிட்டுத்தான் கீழே சொல்வதைத் தொடங்க வேண்டும். மூளை மாறுவதால் தேய்ந்த கசியிழையம் (மூட்டுக் குருத்தெலும்பு) மீண்டும் வளராது; மேலும் தேயாமல் காக்கும் வழி மட்டுமே அதில் கிடைக்கும். அந்தக் காவல் சாதாரணமானதல்ல என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். பெருவிரல் நுனியால் ஒரு கிலோ விசையுடன் கிள்ளிப் பிடிக்கும்போது, நெம்புகோல் கணக்கின்படி அதன் அடிமூட்டில் பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட விசை விழுகிறது என்பதை 1970களிலேயே கணித்துவிட்டார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 41 வயதில் மூளை மாறுமா என்றால், ஐயமின்றி மாறும். நியூரோபிளாஸ்ரிசிற்றி என்று நீங்கள் யூரியூப்பில் கேட்ட சொல், மூளை தன் நரம்புத் தொடர்புகளைப் பாவனைக்கேற்ப மாற்றி அமைத்துக்கொள்ளும் நெகிழ்திறனைத்தான் குறிக்கிறது. ஜெர்மனியில் பந்துகளை மாறி மாறி எறிந்து பிடிக்கும் வித்தையை மூன்று மாதம் பழகிய இளைஞர்களின் மூளையில், அசைவைக் கண்ணால் தொடரும் பகுதி தடித்திருந்ததை 2004 இல் படம் பிடித்துக் காட்டினார்கள். 2008 இல் அதே ஆய்வை அறுபது வயதை ஒட்டியவர்களிடம் செய்தபோதும், கற்றுக்கொண்டவர்களிடம் மாற்றம் தெரிந்தது. ஆகவே வயதை விட்டுவிடுங்கள். உங்கள் பெருவிரல் பழக்கமே அந்த நெகிழ்திறன் உண்டாக்கியதுதான். ஒரு நாளைக்கு நான்கு பேர், வருடத்துக்கு 250 நாட்கள், ஆளுக்கு நூறு அழுத்தம் என்று குறைத்தே கணக்கிட்டாலும், 14 வருடங்களில் 14 இலட்சம் தடவை உங்கள் மூளை அந்த அசைவை ஒத்திகை பார்த்திருக்கிறது. நீங்கள் யோசித்துச் செய்த காரியமாக அது தொடங்கியிருக்கும். பிறகு, மூளையின் ஆழத்திலுள்ள அடிநரம்புத் திரள்கள் மூச்சை அடக்குவது, தோளை உயர்த்துவது, பெருவிரலை இறக்குவது ஆகிய மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டி, குறிப்பிட்ட அழைப்பு வந்ததும் முழுக் கட்டும் அவிழும்படி செய்துவிட்டன.

அப்படிக் கட்டிய கட்டு அழிவதில்லை. இதைத்தான் யூரியூப்பில் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. பழைய பாதை மூளையில் இருந்தபடியே இருக்கும். அதன் அருகில் இன்னொரு பாதையை வெட்டி, அதில் அதிகம் நடந்து, அதைச் சுலபமாக்குவதே நம்மால் முடிந்தது. 21 நாள் என்ற கணக்கு, மக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர், தம் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழக அவ்வளவு நாள் பிடிக்கிறது என்று 1960 இல் எழுதியதிலிருந்து பரவியது. கைவேலைப் பழக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. 2009 இல் இலண்டன் யுனிவர்சிற்றி கொலேஜில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு வெளியானது. ஒரு புதிய பழக்கம் யோசனையின்றி நிகழும் நிலைக்கு வர ஒருவருக்கு 18 நாள் போதுமாயிருந்தது. இன்னொருவருக்கு 254 நாள் வரை செல்லும் என்று கணித்தார்கள். நடு அளவு 66 நாட்களாயிருந்தது. அவர்கள் பழகியவையோ சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது போன்ற இலகுவான காரியங்கள். அதே ஆய்வில், இடையில் ஒரு நாள் தவறுவதால் பெரிய நட்டம் ஏற்படவில்லை என்பதும் தெரிந்தது. ஆகவே நீங்கள் இரண்டு முறை தோற்கவில்லை. போதிய காலத்துக்கு முயலவில்லை, அதிலும் இரண்டாவது முயற்சிக்கு வருடத்திலேயே மோசமான மாதத்தைத் தெரிந்திருக்கிறீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் வரிசையாகக் காத்திருக்கும் அந்த 25 நாட்களில், நெருக்கடி கூடக்கூட மூளை பழைய கட்டையே எடுத்து நீட்டும். ஐப்பசி மழை பிடித்து ஆட்கள் குறையும் காலத்தில் தொடங்குங்கள்.

உங்கள் விடயத்தில் பெருவிரல் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறது என்று சற்று யோசிக்க வேண்டும், ஏனெனில் காரணம் புரியாமல் அதை விலக்கினால் அது மீண்டும் வரும். அழுத்தம் வேண்டும் என்பதற்காக மட்டும் நீங்கள் பெருவிரலைப் பாவிக்கவில்லை. உங்கள் பெருவிரலுக்குக் கண் இருக்கிறது. விரல் நுனியில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் இடைவெளியில் வைத்த இரண்டு முனைகளை இரண்டு என்று பிரித்து உணரலாம். முன்கையிலோ அவை மூன்று நான்கு சென்ரிமீற்றர் விலகியிருந்தால்தான் இரண்டு என்று தெரியும். தசையில் முடிச்சு எங்கே, எவ்வளவு இறுகியிருக்கிறது, எப்போது இளகுகிறது என்று 14 வருடங்களாக உங்களுக்குச் சொல்லி வந்த விரலை விட்டுவிட்டு, பாதிக் குருடான முன்கையிடம் வேலையைக் கொடுக்கும்போது உங்களுக்கு நம்பிக்கை வருவதில்லை. "இன்னும் அழுத்துங்கோ" என்ற சொல் கேட்டதும், சரியான இடத்தில் நிற்கிறேனா என்ற ஐயம் எழுகிறது, கை தனக்குத் தெரிந்த கண்ணைத் தேடி ஓடுகிறது. இரண்டு நாள் பயிற்சியில் இதை உங்களுக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டும்.

எனவே பெருவிரலை விலக்க முயல வேண்டாம் என்பதே என் ஆலோசனை. அது இதுவரை செய்துவந்த இரண்டு வேலைகளைப் பிரித்துவிடுங்கள்: பெருவிரல் தேடட்டும், முன்கை அழுத்தட்டும். மருத்துவர் அனுமதித்தால், நகம் வெளிறாத அளவுக்கு மெல்லத் தொட்டு இடத்தைக் கண்டுபிடிப்பது பெருவிரலின் பங்கு. கண்ட இடத்தில் பாரத்தை இறக்குவது முன்கையின் பங்கு. நமது சித்த மருத்துவம் தொக்கணம் என்னும் பிடித்துவிடும் முறையில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் முதலிய ஒன்பது வகைச் செயல்களைப் பிரித்து வைத்திருக்கிறது. அத்தனையையும் ஒரே விரலில் சுமத்தச் சொல்லி எந்த மரபும் கேட்கவில்லை.

முன்கைக்குக் கண் திறப்பதற்கு மகளின் உதவி வேண்டும். ஒரு துவாயை நான்காக மடித்து, அதன் கீழ் எங்கேயாவது ஒரு புளியங்கொட்டையை மகள் ஒளித்து வைக்கட்டும். நீங்கள் கண்ணை மூடி, முன்கையை மட்டும் பாவித்து, அது எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். முதல் நாட்களில் எரிச்சல்தான் மிஞ்சும். பத்து நிமிடம் போதும், ஆனால் அந்தப் பத்து நிமிடமும் மனம் அங்கேயே இருக்க வேண்டும். இந்த இடத்தை நான் வேண்டுமென்றே அழுத்திச் சொல்கிறேன். மெர்செனிக் என்பவரின் குழுவினர் 1990களின் தொடக்கத்தில் குரங்குகளின் விரல்களுக்குத் தொடுகைத் தூண்டலைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தனர். தொடுகையைக் கவனித்த குரங்குகளின் மூளையின் மேற்படையான புறணியில் அந்த விரலுக்குரிய இடம் விரிந்தது. அதே தூண்டலைப் பெற்றாலும் கவனம் ஒலியில் இருந்த குரங்குகளிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை. வானொலி கேட்டுக்கொண்டு செய்யும் பயிற்சி மூளையில் பதியாது.

பாரத்தை இறக்குவதற்கு வேறொரு பயிற்சி உண்டு. என்னிடம் பழக வருபவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான். உடல் நிறை பார்க்கும் தராசு ஒன்றை மேசையில் வைத்து, மேலே மடித்த துவாயைப் போடுங்கள். நோகாத இடது பெருவிரலால் முள் எட்டுக் கிலோவைத் தொடும்வரை அழுத்துங்கள். நகம் வெளிறும், கழுத்து விறைக்கும், மூச்சு அடங்கும். உடனே எடுத்துவிடுங்கள், ஒரு தடவை பார்த்தால் போதும். பிறகு ஒரு காலைப் பின்னால் வைத்து, முழங்கையின் கூர் படாமல் முன்கையின் சதைப்பகுதியைத் துவாயில் கிடத்தி, விரல்களைத் தொங்கவிட்டு, பின்காலால் நிலத்தை மெல்லத் தள்ளுங்கள். முள் எட்டுக்கு வந்து நிற்கும். கையோ தூங்குகிற குழந்தையின் கை போலக் கிடக்கும். "தோளை இறக்கு, முழங்கையை மடக்கு" என்று உங்கள் உடம்புக்கு நீங்களே கட்டளையிட வேண்டாம். கவனத்தை உடலுறுப்பில் வைப்பவர்களை விட, அசைவினால் வெளியே நடக்கும் விளைவில் வைப்பவர்கள் நன்றாகக் கற்கிறார்கள் என்பதை 1998 முதல் கபிரியேல் வுல்ஃப் என்பவரும் வேறு பலரும் பல வகை அசைவுகளில் காட்டியுள்ளனர். பின்கால் நிலத்தைத் தள்ளுகிறது, துவாய் அமிழ்கிறது, அவ்வளவுதான்.

இதிலே கை தேறிய பிறகு, அழைப்பைக் கையாள வேண்டும். பாதி நிரம்பிய அரிசிப் பையை மேசையில் கிடத்தி அதில் வேலை செய்யுங்கள்; நினைத்திராத நேரத்தில் மகள் "இன்னும் கொஞ்சம் அழுத்துங்கோ" என்று சொல்லட்டும். அந்தச் சொல் கேட்டதும் ஒரே ஒரு காரியத்தை மட்டும் செய்யுங்கள்: மூச்சை வெளியே விட்டு, பின்காலை அரை அடி பின்னால் வையுங்கள். பின்கால் போனால் பாரம் தானாகவே முன்கைக்கு வரும். "இன்னது நடந்தால் இன்னது செய்வேன்" என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைக்கும் எண்ணம், வெறுமனே மாற வேண்டும் என்று எண்ணுவதைவிடப் பலமானது என்று பீற்றர் கொல்விற்சர் என்ற உளவியலாளர் 1999 இல் எடுத்துக் காட்டினார். நீங்கள் இதுவரை செய்த முயற்சியில் "பெருவிரல் கூடாது" என்பது மட்டுமே இருந்தது. கூடாது என்பது கைக்குச் செய்வதற்கு ஒன்றும் தருவதில்லை.

நிலையத்தில் தொடங்கும்போது ஒரு நாளைக்கு ஒருவர் மட்டும், அதுவும் காலையில் வரும் முதலாமவர், உங்களுக்குப் பழக்கமான, மெல்லிய உடம்புக்காரர். வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். இணுவிலிலும் அளவெட்டியிலும் தவில் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரைக் கவனித்திருப்பீர்கள். பிள்ளை துரித காலத்தில் ஓரிடத்தில் தடுக்கினால், அவர் அதையே துரிதத்தில் பத்து முறை வாசிக்கச் சொல்வதில்லை. காலத்தை இறக்கி, விரல் சரியாக விழும் வேகத்தில் வாசிக்கச் சொல்லி, பிறகு ஏற்றுவார். பிழையாக வாசித்த ஒவ்வொரு முறையும் பிழையே பழக்கமாகிவிடும் என்பதை அவர்கள் ஆய்வு எதுவுமில்லாமல் அறிந்திருந்தார்கள். உங்களுக்கும் அதுவே முறை. பெருவிரல் இறங்கிவிட்டதைக் கண்டால் உங்களைத் திட்டிக்கொள்ளாமல், எண்ணெய் எடுப்பதுபோலக் கையை ஒருமுறை முழுதாக எடுத்துவிட்டு, பின்காலில் இருந்து மறுபடி தொடங்குங்கள்.

இரவில் படுத்தபின் ஐந்து நிமிடம், அந்தச் சொல் கேட்பதையும், மூச்சு வெளியேறுவதையும், கால் பின்னே போவதையும் மனத்தில் நடத்திப் பாருங்கள். இது வெறும் ஆறுதல் வார்த்தை அன்று. 1995 இல் பஸ்குவால் லியோனி என்ற நரம்பியல் மருத்துவர், ஐந்து விரல் பியானோப் பயிற்சி ஒன்றை நாளுக்கு இரண்டு மணி நேரமாக ஐந்து நாள் கொடுத்தபோது, கையால் வாசித்தவர்களிடம் போலவே மனத்தால் மட்டும் வாசித்தவர்களிடமும் விரல்களை இயக்கும் புறணிப் பகுதி விரிந்திருந்தது. நோகிற கைக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. அதன்பின் நன்றாகத் தூங்குங்கள்; பகலில் பழகிய அசைவு தூக்கத்தில்தான் உறுதிப்படுகிறது.

எச்சரிக்கை ஒன்றும் சொல்லியாக வேண்டும். பெருவிரலை விட்டுவிட்டு, நாள் முழுக்க முன்கையால் ஒரே அசைவையே செய்யத் தொடங்கினால் வேறொரு நோயை வாங்கிக்கொள்வீர்கள். நான்சி பைல் என்ற இயன் மருத்துவர் 1996 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வகைப் பிடிப்பை இறுக்கமாகவும் வேகமாகவும் மாதக்கணக்கில் செய்த குரங்குகளின் மூளையில், தனித்தனியாக இருக்க வேண்டிய விரல்களின் வரைபடங்கள் ஒன்றோடொன்று கலந்து மங்கிப்போயிருந்தன. கை சொற்கேளாமற் போயிற்று. நெகிழ்திறன் நன்மை தீமை பார்ப்பதில்லை, எதைத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறோமோ அதை எழுதிக்கொள்ளும். முன்கை, பொத்திய கை, உள்ளங்கை, இடக்கை என்று மாற்றி மாற்றிப் பாவியுங்கள். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் பத்து நிமிட இடைவெளி வேண்டும் என்று நிலைய உரிமையாளரிடம் கேளுங்கள். அவர் தயங்கினால், கை போய்விட்ட ஒருவருக்குப் பதில் இன்னொருவரைப் பழக்குவதற்கு ஆகும் செலவை எடுத்துச் சொல்லுங்கள்.

இறுதியாக, ஒளிப்பதிவில் என் கண்ணில் பட்ட இன்னொன்று. உங்கள் மேசை உயரம் கூடியது. அதன் பக்கத்தில் நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட்டால், பொத்திய கையின் விரல் மொழி மேசையின் மேற்பரப்பைத் தொட வேண்டும். உங்கள் மேசையோ மணிக்கட்டுக்கு மேலே நிற்கிறது. அவ்வளவு உயரத்தில் பாரத்தைச் சாய்க்க முடியாது, நுனிக்காலில் எழும்பத்தான் வேண்டும். எழும்பியவுடன் தோள் ஏறும், தோள் ஏறினால் பெருவிரல் இறங்கும். பழக்கத்தின் மீது நாம் போடும் பழியில் பாதி தளபாடத்துக்குரியது என்பது என் நெடுநாள் அனுபவம். தச்சரிடம் சொல்லி மேசையின் கால்களை அறுப்பிக்கலாம். மற்றவர்களும் அதைப் பாவிப்பதால் உரிமையாளர் மறுத்தால், இரண்டு பக்கமும் தாராளமாகக் கால் மாற்றி வைக்கக்கூடிய அகலமான, ஆடாத பலகைத் தட்டு ஒன்றைச் செய்வித்து அதில் ஏறி நில்லுங்கள். நான் சொன்ன எல்லாவற்றிலும் இதை முதலில் செய்யுங்கள். ஒரே நாளில் முடிகிற வேலை இது ஒன்றுதான்.

தை பிறந்ததும் இன்னொரு ஒளிப்பதிவு அனுப்புங்கள். இந்த முறை மகளிடம், கைகளை விட்டுவிட்டு, பக்கவாட்டில் நின்று உங்கள் பாதத்திலிருந்து தோள் வரை தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள். அந்தச் சொல் காதில் விழும்போது உங்கள் பின்கால் என்ன செய்கிறது என்று பார்க்க விரும்புகிறேன்.